மயில் கழுத்துப் பச்சையும் ஓடாத காரும்

சாக்குக்காரர் மகள் – 17

மதுரையில் அந்தக் கம்ப்யூட்டர் கடை மாடியில் இருந்தது. இரும்புப் படிக்கட்டில் ஏறினால் தெருவுக்கே கேட்கும்படி தடதடக்கும். உள்ளே மேஜைமேல் வரிசையாக ஏழு மானிட்டர்கள். ஏழிலும் ஒரே பச்சைப் புல்வெளி, ஒரே நீல வானம்.

என்னோடு வந்த முருகேஸ்வரி கைப்பையைத் திறந்து, சுருட்டி ரப்பர் பேண்ட் போட்ட ஒரு தாளை எடுத்தாள். மயில்மேல் அமர்ந்த முருகன். எங்கள் அச்சகத்தில் அந்த வருஷக் காலண்டருக்காக அடித்த மாதிரித் தாள். கூடவே ஒரு சி.டி.

“அண்ணே, இந்த சி.டி.ல இதே படம் இருக்கு. ஒவ்வொரு மானிட்டர்லயும் போட்டுக் காட்டுங்க.”

கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என் தலையில் முக்காடு, அவள் நெற்றியில் திருநீறு, நடுவில் முருகன்.

“கேம் வெளையாடத்தானம்மா சிஸ்டம் வேணும்னீங்க?”

“ஆமாண்ணே. இருந்தாலும் மயிலு களுத்து சரியா வருதான்னு பாக்கணும்ல.”

மனிதர் நொந்துகொண்டே ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். முதல் மானிட்டரில் முருகனின் பட்டு செங்கல் நிறத்துக்குப் போயிருந்தது. இரண்டாவதில் மயில் வெளுத்திருந்தது. மூன்றாவதில் வேப்பிலைப் பச்சை. அவள் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் பார்ப்பாள். பிறகு உதட்டைப் பிதுக்குவாள். நானும் பக்கத்தில் நின்று பிதுக்கினேன். கடையில் வேறு வேலையே நடக்கவில்லை.

ஆறாவது மானிட்டர் பதினேழு அங்குலம், தட்டைக் கண்ணாடி. அதில் படம் வந்ததும் இரண்டு பேருமே உதட்டைப் பிதுக்க மறந்துவிட்டோம். தாளில் இருந்த மயில் எதுவோ அதே மயில் திரையில் இருந்தது.

மயில் கழுத்து நிறம் அச்சில் வருவது லேசுப்பட்ட காரியமில்லை. நீலம் ஒரு பொட்டு கூடினால் கருத்துவிடும், மஞ்சள் கூடினால் இலையாகிவிடும். அதற்காக மிஷின்காரர்களிடம் நாங்கள் வாங்கிய திட்டு கொஞ்சமா?

“இதான் ரஹ்மத்து. இதையே எடுத்துருவோம்” என்றாள்.

மூன்று வாரமாக இதை எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். எழுத உட்கார்ந்தால் முதலில் கோபம் வரும். கோபம் போனால் அழுகை வரும். இரண்டும் எனக்குப் பிடிக்காது.

டிபன் பை போட்ட சீட்டு

விருதுநகரில் எங்கள் அத்தாவுக்குச் சாக்கு வியாபாரம். பருப்பு மில்களில் பழைய சாக்கு வாங்கி, கிழிசல் தைத்து, உதறிக் கட்டி விற்பார். வீட்டில் எதைத் தொட்டாலும் சணல் தூசி. நான் சிவகாசியில் ஒரு அச்சகத்தின் கம்ப்யூட்டர் செக்சனில் வேலைக்குப் போனதற்கு முதல் காரணம் அந்தத் தும்மலிலிருந்து தப்பிப்பதுதான்.

முருகேஸ்வரி வழியில் ஆமத்தூரில் பஸ் ஏறுவாள். அவளுக்காக என் பக்கத்து சீட்டில் டிபன் பையைப் போட்டு வைத்திருப்பேன். அந்தச் சீட்டுக்காக நான் சண்டை போடாத பெண்பிள்ளை அந்த ரூட்டில் கிடையாது. “சீட்டு என்ன ஒங்க அத்தா வாங்கிப் போட்டதா?” என்று ஒருத்தி கேட்டாள். “ஆமா, சாக்கு வித்து வாங்குனாரு” என்றேன்.

அச்சகத்துக்கு வருமுன் அவள் இரண்டு வருஷம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைத்தவள். சாயங்காலம் கம்ப்யூட்டர் வகுப்புக்கு வந்து உட்காரும்போது, மூன்று முறை குளித்த பிறகும் காது மடலில் வெள்ளிப் பவுடர் மினுங்குமாம். “பக்கத்துல ஒக்காந்தவ தோடுன்னு நெனச்சுட்டா” என்று சொல்லிச் சிரிப்பாள். அவளுக்கு அப்போது தோடு கிடையாது. காதில் வேப்பங்குச்சிதான்.

மத்தியான அரை மணி

அச்சகத்தில் முதலாளி மகன் ஒரு மெஷினில் கார் ரேஸ் விளையாட்டு ஏற்றி வைத்திருந்தார். அவர் மேல்படிப்புக்குப் போன பிறகு அதை யாரும் தொடவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் தொட்டோம்.

ஒரே கீபோர்டு. அம்புக்குறி பட்டன்கள் அவளுக்கு, இடது பக்கத்து எழுத்துகள் எனக்கு. திரை இரண்டாகப் பிரியும், மேலே அவள் கார், கீழே என் கார். சாம்பார் கை காயுமுன் உட்கார்ந்துவிடுவோம். தோளோடு தோள் இடித்துக்கொண்டு, கார் திரும்புகிற பக்கமெல்லாம் நாங்களும் சாய்வோம்.

அதில் கடலோரமாகப் போகும் ஒரு பாதை உண்டு. அவளுக்கு அதுதான் வேண்டும். கடலை அவள் நேரில் பார்த்ததே இல்லை.

“நான் பாத்த பெரிய தண்ணி ஆனைக்குட்டம் டேம்தான். அதுலயும் பாதி வருசம் மாடு மேயும்” என்பாள்.

பந்தயத்தில் என்னை முந்திப் போய்விட்டு, கடல் தெரியும் வளைவு வந்ததும் காரை நிறுத்திவிடுவாள். நான் பின்னாலிருந்து வந்து மோதுவேன். “கொஞ்சம் பாக்க விடேம்ட்டி” என்பாள். அந்த அரை மணி முடிந்ததும் மேனேஜர் இருமுவார். நாங்கள் கல்யாண அழைப்பிதழுக்கும் தீப்பெட்டி லேபிளுக்கும் திரும்பிவிடுவோம்.

வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர் இருந்தால், இருமுவதற்கு ஆளில்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆடலாமே என்ற ஆசை இப்படித்தான் வந்தது. இன்றைய பிள்ளைகளுக்கு இது ஒரு ஆசையா என்று தோன்றும். எனக்கு அதைவிடப் பெரிய ஆசை அந்த வயதில் எதுவும் இருந்ததாக ஞாபகமில்லை.

ஏழைக்கேற்ற எள்ளுருண்டை

ஆடிப் பதினெட்டுக்குப் புதுக் காலண்டர் ஆல்பம் வெளிவந்துவிட்டால் சிவகாசியில் அச்சகங்களுக்குச் சீசன். ஓவர்டைம் கூலியை இருவரும் ஒரே டப்பாவில் போட்டோம். டப்பா நிறைவதற்குள் பட்டியல் தயாராக வேண்டும்.

விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் ஒரு ஆங்கிலக் கம்ப்யூட்டர் பத்திரிகை மாதம் ஒன்றுதான் வரும். அதை நான்தான் வாங்குவேன். கடைசிப் பக்கங்களில் விலைப்பட்டியல். ஆமத்தூரிலிருந்து சிவகாசி போய்ச் சேரும்வரை அதைத்தான் பார்ப்போம். கழிவு லேபிள் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி, அழித்து, எழுதுவோம். பிராசசரைக் குறை. ரேம் இப்போதைக்கு ஒன்று போதும். கேபினட் தகரமாக இருந்தால் என்ன, அதற்கு யார் பொண்ணு கேட்டு வரப்போகிறார்கள்?

விளையாட்டுக்கு உயிர் கிராபிக்ஸ் கார்டு. அது இல்லாவிட்டால் படம் வரும், ஓடாது. போர்டிலேயே ஒட்டியபடி வரும் கிராபிக்ஸ் அழைப்பிதழ் அடிக்கத்தான் ஆகும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே முருகேஸ்வரிதான். “எதுல வேணாலும் கைய வையி, கார்டுல மட்டும் வைக்கப்படாது” என்பாள்.

மானிட்டருக்குச் செலவே இல்லை என்று முடிவு செய்திருந்தோம். அச்சகத்தில் கழித்துப்போட்ட ஒரு பதினைந்து அங்குல மானிட்டர், வலது மூலையில் ஊதாக் கறையோடு கிடந்தது. மேனேஜர் சும்மா எடுத்துப்போகச் சொல்லியிருந்தார். மானிட்டரில் மிச்சமாகிற பணம் அப்படியே கார்டுக்கு.

கார்த்திகையில் அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளை நாக்பூரில் பட்டாசும் காலண்டரும் மொத்தமாக விற்கும் கடை ஒன்றில் வேலை. தையில் முகூர்த்தம். செய்தியை அவள் பஸ்ஸில்தான் சொன்னாள். நான் சந்தோஷப்பட வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் வாயில் வந்தது வேறு.

“அப்ப மார்களி பொறந்ததும் வாங்கிருவோம். முகூர்த்தத்துக்குள்ள அஞ்சு வாரம் இருக்கு. அஞ்சு ஞாயித்துக்கெளமையும் நீ எங்க வீட்டுக்கு வந்துரணும்.”

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு “ம்” என்றாள்.

அந்த அஞ்சு ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு வேண்டியிருந்தது. வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

ஆறாவது மானிட்டர்

திரும்பவும் கடைக்கு வருகிறேன்.

“இந்த மானிட்டர் எடுத்தா, நீங்க சொல்ற கார்டுக்குப் பணம் வராதும்மா” என்றார் கடைக்காரர். நல்ல மனிதர். விற்கிறவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு எளிதில் வராது.

“போர்டுல இருக்குறதே இப்போதைக்கு ஓடும்ணே. கார்ட பெறகு வாங்கிக்கிடுதோம்” என்றாள் முருகேஸ்வரி.

நான் அப்போதே “ஓடாதே” என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தெரியாதா என்ன? நாலு மாதம் பஸ்ஸில் படித்த பாடம். ஆனால் அந்த மயில் என்னையும் மயக்கிவிட்டது. நாளெல்லாம் நிறம் பார்த்துப் பார்த்து, நிறம் சரியாக இருந்தால் எல்லாம் சரியாக இருக்கும் என்ற புத்தி எங்களுக்கு. கார் ஓடுவதற்குக் கம்ப்யூட்டர் வாங்கப் போய், கழுத்து நிறத்துக்காக மானிட்டர் வாங்கிய மடச்சிகள் சிவகாசியைத் தவிர வேறெங்கும் இருக்கமாட்டார்கள்.

பஸ்ஸில் அந்த மானிட்டர் பெட்டியை இருவர் மடியிலும் குறுக்கே வைத்துக்கொண்டு வந்தோம். திருமங்கலம் தாண்டுவதற்குள் கால் மரத்துவிட்டது.

நாலு பேருக்கு மேல் கூடாது

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் பாகங்களை ஒன்றுசேர்த்துப் பூட்டினோம். முருகேஸ்வரி வந்ததும் வராததுமாக உத்தரவு போட ஆரம்பித்தாள்.

“மொதல்ல சாக்கெல்லாம் வெளிய போகணும். ரெண்டு கதவும் தொறந்தே கெடக்கணும். நைலான் துணி ஒண்ணு கூட உள்ள வரப்படாது. ஏட்டி, ஒந் தாவணிய மாத்திட்டு வா.”

எல்லாம் பட்டாசுக் கம்பெனிச் சட்டம். மருந்து அறையில் உடம்பில் இருக்கிற மின்சாரம் ஒரு பொறி விட்டாலும் ஆபத்து. அதனால் வாசலில் தரையோடு இணைத்த செம்புத் தகடு பதித்திருப்பார்களாம். அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதே மின்சாரம் ரேமையும் போர்டையும் கருக்கிவிடும் என்று பத்திரிகையில் போட்டிருந்தது. அவளுக்கு அது புதுப் பாடமில்லை.

எங்கள் வீட்டில் செம்புத் தகடுக்கு எங்கே போவது? அம்மாவின் பிரியாணித் தேக்சாதான் செம்பு. அடியை நன்றாகத் தேய்த்து, கதவுக்கு வெளியே முற்றத்து மண்ணில் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் கவிழ்த்து வைத்தாள். உள்ளே வருகிறவர்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றித் தேக்சாவைத் தொட்டுவிட்டு வந்தோம். அம்மா சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்து வீட்டு அக்காவும் வேடிக்கை பார்க்க வந்தார். முருகேஸ்வரி தலையை எண்ணினாள்.

“அஞ்சு பேரு ஆயிருச்சு. ஒரு ரூம்ல நாலு பேருக்கு மேல இருக்கப்படாது. மாமா, நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க.”

“ஏம்மா, இது எங்க வீடும்மா” என்றார் அத்தா.

“சட்டை பாலியஸ்டரு மாமா. கோவிச்சுக்கிடாதீக.”

அத்தா சாக்குக் கட்டின்மேல் போய் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். அவள் பித்தளை ஸ்க்ரூடிரைவர் ஒன்று கொண்டுவந்திருந்தாள். கம்பெனியில் இரும்பைத் தொடவிடமாட்டார்களாம். பித்தளை முனை இரண்டு திருகுக்கு மேல் தாங்கவில்லை, வளைந்துவிட்டது. கடைசியில் அத்தாவின் சாக்கு ஊசியின் காம்பால் நெம்பி, மீதியை வீட்டு ஸ்க்ரூடிரைவரால் முடுக்கினோம். சுவிட்சைப் போட்டதும் உள்ளே காற்றாடி சுழன்றது. அவள் கைகளால் காதைப் பொத்திக்கொண்டாள். பழக்கம்.

நின்றுபோன கடல்

அச்சகத்திலிருந்து எடுத்துவந்த விளையாட்டை ஏற்றினோம். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். கடலோரப் பாதையைத் தேர்ந்தெடுத்தாள்.

கடல் வந்தது. அம்மாடி, என்ன நீலம்! அச்சகத்து மெஷினில் அது சோடாக் கலராக இருக்கும். இந்த மானிட்டரில் கரையோரம் பச்சையாகத் தொடங்கி, தூரம் போகப் போகக் கறுநீலமாகி, நுரை உப்புப்போல வெள்ளையாக இருந்தது.

ஆனால் நகரவில்லை. பட்டனை அழுத்தினால், மூச்சு இழுத்துவிடுகிற நேரம் கழித்துக் கார் ஒரு முழம் தள்ளி நிற்கும். மறுபடி ஒரு முழம். படம் படமாகப் பார்க்கலாம், விளையாட முடியாது.

“ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு களுதை மேய்க்க” என்று சொல்லிவிட்டு அம்மா தேக்சாவை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. “ஒன் மயிலக் கொண்டு போயி ஒடப்புல போடு! கார்டுல கை வைக்கப்படாதுன்னு நீதானட்டி சொன்ன? அஞ்சு வாரம், வெறும் அஞ்சு வாரம் கேட்டேன். அதையும் கெடுத்துட்ட.”

அவள் திரையில் நின்றுகொண்டிருந்த கடலைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு எழுந்து, அம்மாவிடம் சொல்லிக்கொண்டு, பஸ் ஏறப் போய்விட்டாள்.

மறுநாள் நான் பஸ்ஸில் டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டேன். ஆமத்தூரில் ஏறியவள் ஒரு நிமிஷம் என் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். அங்கே வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். இப்படி இரண்டு வாரம். இருந்த ஐந்து வாரத்தில் இரண்டை நானே என் கையால் தூக்கி எறிந்தேன். மூன்றாம் வாரம் வீம்பு இறங்கிச் சீட்டுப் பிடித்து வைத்தபோது, அவள் வேலையை விட்டு நின்றுவிட்டதாகச் சொன்னார்கள்.

கல்யாணத்துக்கு ஆமத்தூர் போனேன். மாலையும் கழுத்துமாக இருந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“மானிட்டர் நல்லாருக்காட்டி?”

“இருக்கு” என்றேன். அவ்வளவுதான் பேசினோம். டப்பாவில் போட்ட தன் பங்கைப் பற்றி அவள் அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

கார்டு வந்தது

அடுத்த சீசனில் தனியாகவே ஓவர்டைம் பார்த்து அந்தக் கார்டை வாங்கினேன். நானே தேக்சாவைக் கவிழ்த்து, தொட்டுவிட்டு, பொருத்தினேன். கார் காற்றாய்ப் பறந்தது. கடல் அலையடித்தது.

மூன்று நாள் ஆடினேன். நாலாம் நாள் அலுத்துவிட்டது. எனக்கு அந்த விளையாட்டே பிடிக்காது என்பது அப்போதுதான் தெரிந்தது. எனக்குப் பிடித்தது முருகேஸ்வரியைத்தான்.

அதற்குப் பிறகு எனக்கும் கல்யாணம். மாப்பிள்ளை விருதுநகரே. சிவகாசிக்கு பஸ் ஏறி வேலைக்குப் போவது சரிப்படாது என்று அங்கே பேச்சு வந்தது. பிளாஸ்டிக் சாக்கு வந்து அத்தாவின் வியாபாரமும் படுத்துக்கொண்டது. நான் வீட்டிலேயே அந்தக் கம்ப்யூட்டரில் அச்சகத்துக்குப் படம் திருத்திக் கொடுத்தேன். இந்தம்மா வீட்டில் பார்த்த நிறம் அப்படியே அச்சில் வரும் என்று மிஷின்காரர்களே சொல்லும் அளவுக்குப் பெயர் கிடைத்தது. நடுவில் கேபினட் மாறியது, போர்டு மாறியது. மானிட்டர் மாறவில்லை. பதினோரு வருஷம் அத்தா வீட்டிலும் என் வீட்டிலும் உலை கொதித்தது அதனால்தான். இதைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன்.

அந்த அத்தியாயத்தை யாரோ செல்போனில் படம் பிடித்து நாக்பூருக்கு அனுப்பியிருக்கிறார்கள். நம்பர் மாறி, முகவரி மாறி, இருவரும் ஒருவரையொருவர் தொலைத்துப் பல வருஷமாகியிருந்தது. மூன்று வாரத்துக்கு முன் ஒரு மத்தியானம் போன் வந்தது.

“ஏட்டி ரஹ்மத்து, சாப்ட்டியா?” என்றது குரல். யாரென்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

பிள்ளைகள், மாமியார், மூட்டுவலி எல்லாம் பேசினோம். பிறகு நான் மானிட்டரைப் பற்றி நன்றி சொன்னேன். தெரியாமல் செய்த மடத்தனம் எங்களைக் காப்பாற்றிவிட்டது என்றேன்.

“தெரியாம ஒண்ணும் செய்யலட்டி. தெரிஞ்சுதான் எடுத்தேன்.”

எனக்குப் புரியவில்லை.

“நான் தையில போயிருவேன். ஒன்னையும் அடுத்த வருசமே கெட்டிக் குடுத்துருவாக, வேலைக்கி அனுப்ப மாட்டாக. கார்டு இருந்தா அஞ்சு வாரம் வெளையாடலாம். நல்ல மானிட்டர் இருந்தா நீ வீட்டுலருந்தே பொளச்சுக்கிடலாம்ல. அதான் மயிலத் தூக்கிட்டு வந்தேன்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் திட்டியதையெல்லாம் அவள் ஏன் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது இத்தனை வருஷம் கழித்துத் தெரிந்தது.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?”

“சொன்னா நீ கார்டுதான் வேணும்னுருப்ப.”

பதினோரு வருஷச் சோற்றை நினைத்துப் பார்த்தேன். பிள்ளைகளின் படிப்பை, அத்தாவின் வைத்தியத்தை நினைத்துப் பார்த்தேன். இவ்வளவையும் கொடுத்தவளிடம் நன்றி சொல்வதுதான் முறை.

“ஆமா” என்றேன். “இப்பவும் கார்டுதான் வேணும்னு சொல்லுவேன்.”



“எனக்கும் அதாம்ட்டி ஆச” என்றாள் முருகேஸ்வரி.